வெட்டத்தான் பயம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து இல்லங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் தவறாது கண்ணில் படும் பொருள் ஒன்று உண்டு. கூடத்தின் ஒரு மூலையில், சன்னலோரமாக, பூப்போட்ட விரிப்பொன்றைப் போர்த்திக்கொண்டு அது நிற்கும். அதன்மேல் மடித்த துணிகள் இருக்கும். சில வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். ஒரு வீட்டில் மாதா சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்திகளும் இருக்கக் கண்டோம். விரிப்பைச் சற்றே விலக்கிப் பார்த்தால்தான் அது தையல் யந்திரம் என்பது விளங்கும்.

“தைப்பதில்லையா அம்மா?” என்று கேட்போம். பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். “தைக்கத் தெரியுங்க. ஆறு மாசம் கிளாஸ் போனேன். ஓரம் அடிப்பேன், கிழிஞ்சதைத் தைப்பேன். வெட்டத்தான் பயம்.”

இந்த அச்சத்தைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணுகிறோம். சிறியதாகத் தோன்றினும், எத்தனையோ குடும்பங்களின் வருவாய் இவ்வொரு அச்சத்தினால் தடைப்பட்டு நிற்கிறது.

நம் வட்டாரம் தையல் அறியாத வட்டாரம் அன்று. ஆவடியில் ராணுவத்தினருக்கான ஆடைத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பெற்றது. 2021 அக்டோபரில் நாட்டின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்னும் நிறுவனத்தின்கீழ் வந்தது. அங்கே சீருடை தைத்து ஓய்வு பெற்றோர் நம் பங்குகள் பலவற்றில் உள்ளனர். 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்தும் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் தோன்றின. காலை வேளையில் பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கமிருந்து ரயிலிலும் வேனிலும் வந்து இறங்கும் பெண்களில் பலர் இவ்வேலைக்குச் செல்பவர்களே.

ஆனால் அங்கு நடைபெறும் தையல் வேறு வகையானது. ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. கழுத்துப்பட்டி ஒருவர், கைப்பட்டி ஒருவர், பக்கம் மூட்டுவது ஒருவர், காஜா எடுப்பது ஒருவர் என்று வேலை துண்டுதுண்டாகப் பிரிந்திருக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் ஓடும் மின்சார யந்திரத்தின் முன் அமர்ந்து, அதே ஒரு துண்டை நாள் முழுவதும் தைக்க வேண்டும். துணியை வெட்டுவதோ அவ்விடத்திலேயே அன்று; வேறொரு கூடத்தில், வேறு ஆட்கள், அடுக்கடுக்காக விரித்து யந்திரக் கத்தியால் வெட்டுகிறார்கள்.

பதினொரு ஆண்டுகள் கைப்பட்டி மட்டும் தைத்த ஒரு சகோதரியை நாம் அறிவோம். திருமுல்லைவாயில் பக்கத்தில் குடியிருக்கிறார். முதுகுவலி காரணமாக வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் தைக்கும் நேர்த்தியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கோடு போட்டாற்போல் நூல் ஓடும். எனினும் தம் மகளுக்கு ஒரு பாவாடை வெட்டித் தைக்க அவருக்குத் துணிவில்லை. பக்கத்துத் தெருவிலுள்ள தையற்கடையில் கூலி கொடுத்துத்தான் தைத்து வாங்கினார். பதினொரு ஆண்டு அனுபவம் இருந்தும் இப்படியா என்று நாம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டோம். பிறகுதான் நம் அறியாமை நமக்குப் புரிந்தது. தையற்கடை எதிலும் சற்று நின்று பாருங்கள். முன்மேசையில் அளவெடுத்து, சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வெட்டுகிறவர் ஒருவர் இருப்பார். அவரைத்தான் ‘மாஸ்டர்’ என்று அழைப்பார்கள். பின்னால் யந்திரங்களில் அமர்ந்து தைப்பவர்கள் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள். தொழிலின் உரிமை கத்தரிக்கோலில் இருக்கிறது, ஊசியில் இல்லை.

அச்சகோதரி இப்போது நம் வட்டாரத்துப் பங்கு ஒன்றின் மண்டபத்தில் வாரம் மூன்று நாள் மாலையில் நடைபெறும் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். கற்பிப்பவர் ஆடைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரையும் பெண்கள் மாஸ்டர் என்றே அழைக்கின்றனர். நாம் நான்கைந்து மாலைகள் சென்று ஓரமாக அமர்ந்து பார்த்தோம். ஆர்வத்தினால் நாமும் ஒரு நாள் மிதித்துப் பார்த்தோம்; சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுந்தது, பெண்கள் சிரித்தனர். மேற்சக்கரம் எப்போதும் நம் பக்கமாகவே சுழல வேண்டுமாம். முதல் நாள் வருபவர் யாவரும் செய்யும் தவறுதான் என்று மாஸ்டர் ஆறுதல் கூறினார்.

முதல் வாரம் அவர் நூலே கோப்பதில்லை. கோடு போட்ட நோட்டுப்புத்தகத் தாளை ஊசியின்கீழ் வைத்து மிதிக்கச் சொல்கிறார். ஊசித் துளைகள் கோட்டின்மேல் வரிசையாக விழ வேண்டும். அது கைவந்தபின் வளைகோடு, பிறகு சதுரம். சதுரத்தின் மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, மீண்டும் பாதத்தை இறக்க வேண்டும். இவ்வளவும் கால் பழகுவதற்காக. கை துணியை இழுக்கக் கூடாது. வழிகாட்டினால் போதும், யந்திரத்தின் பற்களே துணியை நகர்த்திக்கொள்ளும் என்பதைத் தாள் விரைவில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இழுத்தால் தாள் கிழிகிறதல்லவா?

அடுத்து, ஏன் நூல் அறுகிறது, ஏன் அடியில் சுருள்கிறது என்பதை விளக்குகிறார். மேல்நூல் ஒன்று, பாபினில் சுற்றிய அடிநூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்வதே தையல். அடியில் சுருள் தென்பட்டால் பெரும்பாலும் மேல்நூலின் இறுக்கம் குறைவு. இதை அறியாத பெண் யந்திரம் கெட்டுவிட்டதாக எண்ணி மூடிவைத்துவிடுகிறாள். விரிப்பு போர்த்திய யந்திரங்களில் சிலவேனும் இப்படி மூடப்பட்டவையே என்பது நம் ஐயம்.

இந்த இருநூல் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தம் யந்திரத்துக்குப் பெற்றார். பின்னர் அதைத் தவணை முறையில் விற்று உலகெங்கும் வீடுகளுக்குள் கொண்டு சென்றார். நம் நாட்டில் கல்கத்தாவில் உஷா யந்திரம் 1930களில் தோன்றியது. யந்திரங்களின்மேல் ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள்கூட இந்த ஒன்றுக்கு விலக்களித்தார். 1924இல், பிற்காலத்தில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன் அதுபற்றி வினவியபோது, மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைக் கண்டு இரங்கிய சிங்கரின் அன்பிலிருந்து பிறந்த யந்திரம் அது என்று அவர் விளக்கம் தந்தார். சிங்கரின் வரலாற்றை ஆராய்ந்தோர் அவரை அத்தனை அன்புள்ள கணவராகக் காட்டுவதில்லை. அது கிடக்கட்டும்; யந்திரம் நல்லதே.

நம் மாஸ்டரின் வகுப்பில் நம்மை நிறுத்தி எண்ணவைத்தது இவை எவையும் அல்ல. இரண்டாம் நாளே அவர் மாணவியர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுகிறார். மற்ற வகுப்புகளில் ஐந்தாம் மாதம் வரும் பாடம் அது. சில வகுப்புகளில் வருவதே இல்லை, ஆசிரியையே வெட்டிக் கொடுக்க, பிள்ளைகள் தைத்து முடிக்கிறார்கள். இங்கு முதலில் பழைய செய்தித்தாள். நேராக வெட்டு, வளைத்து வெட்டு, கழுத்துப் போல் வெட்டு. கத்தரியின் கீழ்த்தகடு மேசையை விட்டு எழக்கூடாது. நுனியால் கொறிக்காமல், வாய் நிறைய நீளமாக வெட்ட வேண்டும். வெட்டும் துணியைத் திருப்பாமல் வெட்டுகிறவர் மேசையைச் சுற்றி நகர வேண்டும். தாள் கத்தரியை மழுக்கிவிடும் என்பதால் தாளுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என இரண்டு கத்தரிகள். துணிக் கத்தரியால் யாரேனும் நூல் உறையைப் பிரித்தாலும் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

செய்தித்தாளில் ரவிக்கை வரைவதற்கு முன் கணக்கு வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். மார்பளவு 34 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு எட்டரை. அதனோடு தளர்வுக்கும் தையலுக்கும் சேர்க்க வேண்டும். அங்குலத்தை எட்டாகப் பிரித்த அரைக்கால் பங்கைத் தொழிலாளர் ‘ஒரு நூல்’ என்பர். பின்னக் கணக்கு என்றால் மிரளும் பெண், இரண்டு நூல் கூட்டு, ஒரு நூல் குறை என்றால் மிரளுவதில்லை. கொத்தனாரும் தச்சரும் வீட்டில் பேசிக் கேட்ட சொல்தானே! ஒரு மாலை மாஸ்டர் ஒரு பெண்ணின் தாளை உயர்த்திக் காட்டினார். கால்பங்கு வரைவில் இரண்டே நூல் தவறியிருந்தது. “இரண்டு நூல்தானே என்று நினைக்காதேம்மா. உடம்பைச் சுற்றி நாலு பாகம். நாலு இரண்டு எட்டு. ஒரு இன்ச் போச்சு.” அப்பெண் தாளை வாங்கி மறுபடியும் வரைந்தாள்.

தாளில் தவறினால் தாள் போகும். துணியில் தவறினால்? அங்கேதான் அச்சம் பிறக்கிறது. முன்னாளில் ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் ‘டூ பை டூ’ ரூபியா கடையில் எந்நிறத்திலும் கிடைக்கும். வெட்டிக் கெட்டுப்போனாலும் ஓடிப்போய் வேறு வாங்கிவிடலாம். இந்நாளில் சேலையோடு சேர்ந்தே ரவிக்கைத் துண்டு வருகிறது. அது கெட்டால் அந்தக் கரையும் அந்தப் பூவும் கொண்ட துணி வேறெங்கும் கிடையாது, சேலையே குறைபட்டுப்போகும். அண்டை வீட்டார் நம்பி ஒப்படைத்த அத்தகைய துண்டின்மேல் முதன்முதலாகக் கத்தரியை வைக்கும் பெண்ணின் கை நடுங்காமல் என்ன செய்யும்? அவள் அதற்கு முன் இருபது முப்பது பழந்துணிகளையாவது வெட்டிப் பாழாக்கியிருக்க வேண்டும். அப்பாழுக்கான துணியை யார் கொடுப்பது?

பாழாக்கியதைப் பிரித்துத் திருத்துவதும் ஒரு பாடமே. மாஸ்டர் இதற்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குகிறார். தையலின் ஒரு புறத்தில் நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துக்கொண்டே சென்று, மறுபுறத்து நூலை மெல்ல இழுத்தால் துணி சேதமின்றிப் பிரிந்துவிடும். அவசரப்பட்டு இருபுறமும் பிடித்துக் கிழித்தால் துணியின் இழை நகர்ந்துவிடும். பழைய லுங்கியில் தைத்த பை ஒன்றை மும்முறை பிரித்துத் தைக்கச் செய்கிறார். முதல்முறை பிரிக்கச் சொன்னபோது இளம்பெண் ஒருத்தி கண் கலங்கினாள். மூன்றாம் முறை அவளே பார்த்துப் பிரித்தாள்.

தென்குமரியின் லேஸ் பின்னும் தொழில் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. 1820ஆம் ஆண்டுகளில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் அதைத் தொடங்கிவைத்தார். அவர் லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்தவர். நம் கத்தோலிக்கரிடையே முளகுமூடு மடத்தின் லேஸும் பூத்தையலும் பெயர் பெற்றவை. 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரும் அவருடைய துறவு சபையினரும் அங்கு அநாதைப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்து வாழ வகை செய்தனர். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிப் பின்னும் வேலை அது. ஓரிடத்தில் கட்டை மாறினால் அப்போது தெரியாது. நான்கு விரற்கடை சென்றபின்தான் கோலம் பிசகித் தெரியும். அப்போது வந்த வழியே திரும்பிச் சென்று, ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதைத் தண்டனையாக எண்ணிய எவரும் அத்தொழிலைக் கற்றிருக்க இயலாது.

இந்நாளில் கைபேசியிலேயே தையல் கற்கலாம் என்கின்றனர். பயனுள்ளதே, ஐயமில்லை. நம் மாஸ்டரின் மாணவியரும் இரவில் பார்த்துவிட்டு வந்து அவரிடம் வினாக்கள் தொடுக்கின்றனர். ஆயினும் அப்படங்களில் வருபவர்கள் தவறு செய்வதே இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு ரவிக்கை பிறந்துவிடுகிறது. அதைப் பார்த்துத் தன் துணியில் தடுமாறும் பெண், தனக்கு மட்டும் இது வராது என்று முடிவு செய்துகொள்கிறாள்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். ‘லோயர்’, ‘ஹையர்’ என்று நம் பெண்கள் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் நல்லவை. தையல் ஆசிரியையாக விரும்புவோர் எழுதத்தான் வேண்டும். தமிழக அரசின் சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் யந்திரத் திட்டத்தில் கைம்பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள் முதலியோர் யந்திரம் பெறுவதற்கும் தையல் தெரிந்தமைக்குச் சான்று வேண்டும். ஆகவே சான்றிதழுக்காகவே வகுப்புக்கு வந்து, சான்றிதழ் கிடைத்ததும் நின்றுவிடுவோரும் உளர். அவர்களைக் குறை கூறோம். யந்திரம் தேவைப்படும் நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெற்ற யந்திரம் விரிப்பு போர்த்தி நிற்கும்போது நமக்கு வருத்தம் உண்டாகிறது. பங்குகளிலும் இதே கதையைப் பார்க்கிறோம். யந்திரங்கள் நன்கொடையாக வரும், நாடா வெட்டுவோம், புகைப்படம் எடுப்போம். ஓராண்டு கழித்து வார் அறுந்து, எண்ணெய் காணாமல், மண்டபத்தின் மேடைக்குப் பின்னே அவை நிற்கும். யந்திரம் வாங்கித் தருவதற்கு முன்வரும் கை, பழந்துணி தருவதற்கு முன்வருவதில்லை. பழந்துணிக்குப் புகைப்படம் இல்லையே!

நாம் இந்தப் பக்கத்தில் குடும்பத் தலைவர்களிடம் எதையும் வற்புறுத்திக் கேட்பது அரிது. இம்முறை கேட்கிறோம். நைந்துபோகாத பழைய பருத்திச் சேலை, வேட்டி, லுங்கி, படுக்கை விரிப்பு இருந்தால் துவைத்து அருகிலுள்ள தையல் வகுப்புக்குக் கொடுங்கள். வழுக்கும் செயற்கை இழைத் துணி தொடக்கத்தில் உதவாது; பருத்திதான் கைக்கு அடங்கும். உங்கள் மனைவியோ மகளோ தைக்கக் கற்கிறாள் என்றால், வீட்டில் துணி வீணாவதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். “இருக்கிற துணியையும் கெடுத்துவிட்டாயா?” என்னும் ஒரு வாக்கியம் போதும்; ஆறு மாதப் படிப்பை அது அன்றே முடித்து வைத்துவிடும். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. அவ்வாக்கியத்தைக் கேட்டபின் கத்தரியைத் தொடாத மூவரை அந்த ஒரே வகுப்பில் கண்டோம்.

கைப்பட்டி தைத்த சகோதரியின் கதையை நிறுத்திய இடத்திலிருந்து சொல்லிவிடுகிறோம். செய்தித்தாளில் ஒன்பது ரவிக்கை, பழஞ்சேலையில் நான்கு. அதன்பின் புதுத்துணி. துணி கொடுத்தவர் அவருடைய மாமியார். நீலத்தில் பூ அச்சிட்ட பருத்திச் சேலை. அதோடு வந்த துண்டு. முந்திய இரவே லைனிங் துணியை நனைத்துக் காயவைத்திருந்தார். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். மாமியாரின் அளவு ரவிக்கையைப் பார்த்து வரைந்தார். பக்கங்களில் பின்னால் பிரித்துத் தளர்த்துவதற்கு ஒன்றரை அங்குலம் விட்டார். முன்பாகம், பின்பாகம் எல்லாம் சரியாக வெட்டினார். கையை வெட்டும்போதுதான் பிசகியது. கையின் முன்புற வளைவு பின்புறத்தைவிடச் சற்று ஆழமாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அமைய வேண்டும். அவரோ துணியைத் தனித்தனியே வைத்து இரண்டையும் ஒரே முகமாக வெட்டிவிட்டார். இரண்டும் இடக்கை!

ரூபியாவாக இருந்தால் கவலையில்லை. அதற்கு இருபுறமும் ஒன்றே, திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம். அச்சிட்ட துணிக்கு மறுபுறம் வெளிறியிருக்கும். வேறு துண்டும் மீதமில்லை. அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழவில்லை. மாஸ்டர் அருகில் வந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் ஒரு தடவை இதைச் செய்துதான் ஆகணும். நானும் செய்திருக்கிறேன், பட்டாளத்துச் சட்டையில்” என்று மட்டும் கூறிச் சென்றார்.

வீட்டுக்குச் சென்று மாமியாரிடம் உள்ளபடியே சொல்லியிருக்கிறார். அம்மூதாட்டி துணியைக் கையில் வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தாராம். “வலக்கையைத் திருப்பிப் போட்டே தைச்சுடு. பூ கொஞ்சம் மங்கலாத் தெரியும், அவ்வளவுதானே? மேலே முந்தானையைப் போட்டுக்கிறேன்.”

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் திருப்பலிக்கு வந்திருந்தனர். நாம் விவரம் அறிந்திருந்ததால் பார்த்தோம். இல்லையேல் கவனித்திருக்க மாட்டோம். ரவிக்கை உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது. வலக்கை ஒரு பங்கு வெளிறியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள மூதாட்டி மறந்துவிட்டார், அல்லது அப்படியே விட்டுவிட்டார். வெளியே வரும்போது, கிறிஸ்துமஸ் சேலையின் துண்டையும் மருமகளே வெட்டட்டும் என்று கூறிவிட்டதாக நம்மிடம் சொன்னார். “இந்தத் தடவை இரண்டு கையையும் சேர்த்து மடிச்சு வெட்டச் சொல்லியிருக்கிறேன்” என்றார்.